பறவை பார்க்கவும் படமெடுக்கவும் தொடங்குகிறவர்களுக்கு: எதை முதலில் செய்வது, எவ்வளவு ஆகும், எங்கே என்ன கேட்பார்கள்

நான் எல்லாவற்றையும் தலைகீழாகத் தொடங்கினேன். ஒரு தீபாவளித் தள்ளுபடியில் கேமரா வாங்கினேன். பெட்டியோடு வந்த 55-250 லென்ஸ் பறவைக்குப் போதும் என்று கடையில் சொன்னதை நம்பினேன். அடுத்த ஞாயிறு ஏரிக்கரையில் எடுத்த படங்களில் பறவை ஒரு புள்ளியாக இருந்தது. அந்தப் புள்ளி என்ன பறவை என்றும் எனக்குத் தெரியவில்லை. அந்த ஒரு வருடத்துக்குள் அந்த லென்ஸை நஷ்டத்துக்கு விற்றேன். ஜூன் மாதத்தில் ஒரு சரணாலயத்துக்குப் போய் வற்றிக் கிடந்த ஏரியைப் பார்த்துவிட்டு வந்தேன். கேமராவோடு தவறான இடத்தில் நின்று இரண்டு மணி நேரம் விசாரணைக்கு உட்கார்ந்தேன். பணமும் விடுமுறை நாட்களும் போனது வரிசை தெரியாததால்தான். அந்த வரிசையைத்தான் கீழே எழுதுகிறேன்.

நான் இருப்பது சென்னை. அதனால் இடங்களும் நேரமும் பெரும்பாலும் இந்தப் பக்கத்துக் கணக்கு. விலைகள் எல்லாம் தோராயம். வாங்கும் நாளில் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள்.

1. முதல் மூன்று மாதம் எதையும் வாங்காதீர்கள். ஒரு ஏரியைப் பிடியுங்கள்

வீட்டிலிருந்து இருபது நிமிடத்தில் போகக்கூடிய ஒரு நீர்நிலையைத் தேர்ந்தெடுங்கள். காடு வேண்டாம். காட்டுப் பறவை இலைக்குள் இருக்கும், குரல் மட்டும் கேட்கும், புதியவருக்குச் சலிப்புத் தட்டிவிடும். நீர்ப்பறவை பெரியது, வெட்டவெளியில் நிற்கும், நின்ற இடத்தில் பத்து நிமிடம் அசையாது. கற்றுக்கொள்ள அதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

சென்னையில் பெரும்பாக்கம், பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் சாலையோரம். கோவையில் சிங்காநல்லூர் குளம், உக்கடம் பெரியகுளம். மதுரையில் சாமநத்தம் கண்மாய். நாகர்கோவில் பக்கம் என்றால் சுசீந்திரம், தேரூர் குளங்கள். உங்கள் ஊர்க் கண்மாயிலும் கொக்கும் முக்குளிப்பானும் இருந்தால் அதுவே போதும்.

வாரம் ஒருமுறை, அதே ஏரி, சூரியன் எழும் நேரத்திலிருந்து ஒரு மணி நேரம். டிசம்பர், ஜனவரியில் சென்னையில் விடிவது ஆறரை மணி வாக்கில். ஆறேகாலுக்குக் கரையில் இருந்தால் சரியாக இருக்கும். எட்டரைக்கு மேல் வெயில் ஏறி, தண்ணீரின் மேல் கானல் அசையத் தொடங்கிவிடும். நான் முதல் சில மாதங்கள் சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்குத்தான் போனேன். ஏரியில் பறவையே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் இருபது பறவை போதும்: மடையான், சின்னக் கொக்கு, பெரிய கொக்கு, உண்ணிக்கொக்கு, சாம்பல் நாரை, செந்நாரை, நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், நீர்க்காகம், பாம்புத்தாரா, முக்குளிப்பான், நாமக்கோழி, நீலத் தாழைக்கோழி, புள்ளிமூக்கு வாத்து, நெடுங்கால் உள்ளான், ஆள்காட்டி, வெண்மார்பு மீன்கொத்தி, கரிச்சான், பஞ்சுருட்டான், செம்பருந்து.

இவற்றில் கொக்குகளைப் பிரிக்கத் தெரிந்துகொண்டாலே கண் பழகிவிடும். எல்லாம் வெள்ளை என்று விட்டுவிடாமல் அலகையும் காலையும் பாருங்கள். சின்னக் கொக்குக்கு அலகு கறுப்பு, கால் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள். சேற்றிலிருந்து காலைத் தூக்கும்போது அந்த மஞ்சள் பளிச்சென்று தெரியும். உண்ணிக்கொக்குக்கு அலகு மஞ்சள், கழுத்து குட்டை, மாட்டுக்குப் பின்னாலேயே நடக்கும். பெரிய கொக்குக்குக் கழுத்து நீளம், வாய்க் கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும். மடையான் உட்கார்ந்திருந்தால் சேற்று நிறத்தில் கண்ணுக்கே தெரியாது. எழுந்து பறந்தால் இறக்கை முழுக்க வெள்ளை. இதை முதல்முறை பார்த்த அன்று நான் அலுவலகத்துக்கு லேட்.

தனியாகப் போகத் தயங்குகிறவர்கள், குறிப்பாகப் பெண்கள், ஒரு குழுவோடு சேர்வது நல்லது. சென்னையில் மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி, கோவையில் கோயம்புத்தூர் நேச்சர் சொசைட்டி மாதிரி அமைப்புகள் களப்பயணம் நடத்துகின்றன. பத்து வருடமாகப் பார்க்கிறவர் பக்கத்தில் ஒரு காலைப்பொழுது நின்றால், தனியாக ஒரு மாதம் நின்று கற்பதைக் கற்றுவிடலாம்.

உடுப்பு மங்கலான நிறத்தில் இருக்கட்டும். வெள்ளைச் சட்டையும் சிவப்புத் துப்பட்டாவும் வேண்டாம். கரையோரப் புல்லில் பாம்பு இருக்கும். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள்.

2. முதல் செலவு பைனாகுலருக்கு

மூன்று மாதம் கழித்தும் ஆசை இருந்தால் பணத்தை எடுங்கள். முதலில் பைனாகுலர், அப்புறம்தான் கேமரா. இதில் நான் யாரோடும் சமரசம் செய்துகொள்வதில்லை. கேமரா காட்டுவது நீங்கள் ஏற்கெனவே கண்டுபிடித்த பறவையை. கண்டுபிடிப்பது கண்ணும் பைனாகுலரும்தான்.

8×42 என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது. இரண்டாவது, முன்பக்கக் கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். 10×42 இன்னும் கிட்டத்தில் காட்டுமே என்று தோன்றும். ஆனால் கை நடுக்கமும் பத்து மடங்காகும், பார்க்கும் பரப்பும் சுருங்கும். பறக்கிற பறவையை அதற்குள் கொண்டுவர முடியாமல் திணறுவீர்கள். பழகியபின் பத்துக்குப் போகலாம்.

ஒழுங்கான 8×42, நீர் புகாத வகையில், எட்டாயிரத்திலிருந்து பதினைந்தாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். வாங்கும்போது பார்க்க வேண்டியவை:

கண்ணாடி அணிபவர் என்றால், கண்ணுக்கும் கருவிக்கும் இடையே விடக்கூடிய தூரம் 15 மி.மீ.க்குக் குறையக் கூடாது. குறைந்தால் நடுவில் ஒரு வட்டம் மட்டும்தான் தெரியும். கண் வைக்கும் ரப்பர் வளையம் திருகி ஏற்றி இறக்குவதாக இருக்க வேண்டும். இரண்டு, மூன்று மீட்டரில் இருக்கும் பொருளும் தெளிவாகத் தெரிகிறதா என்று கடைக்குள்ளேயே சோதியுங்கள். முன்கண்ணாடி சிவப்பாக மின்னினால் வாங்காதீர்கள். 10-30 ஜூம், 20×50, நூறு மடங்கு என்று இரண்டாயிரம் ரூபாய்க்கு விற்பவை அத்தனையும் வீண். நான் ஒன்று வாங்கினேன், அரைமணியில் தலைவலி வந்தது.

வாங்கியதும் கண்ணுக்கு ஏற்றபடி அமைக்க வேண்டும். இதைச் செய்யாமலே பலர் வருடக்கணக்கில் பார்க்கிறார்கள். வலது முன்கண்ணாடியைக் கையால் மூடி, நடுச் சக்கரத்தைத் திருகி, தூரத்துப் பெயர்ப்பலகை ஒன்றை இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். அப்புறம் இடதை மூடி, நடுச் சக்கரத்தைத் தொடாமல், வலது கண் பக்கத்து வளையத்தை மட்டும் திருகி அதே எழுத்தைத் தெளிவாக்குங்கள். அந்த வளையம் (கண் வைக்கும் ரப்பர் வளையம் அல்ல, தெளிவைச் சரிசெய்வது) நிற்கும் இடத்தை நினைவில் வையுங்கள். இனி நடுச் சக்கரம் மட்டும் போதும்.

பறவையைப் பிடிக்கும் முறையும் ஒன்றுதான்: பறவை மேல் வைத்த பார்வையை எடுக்காமல், பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். பைனாகுலரை வைத்துக்கொண்டு பறவையைத் தேடினால் கிடைக்காது.

3. பட்டியல் போடுங்கள்: ஈபேர்ட், மெர்லின்

இரண்டும் கார்னெல் பல்கலைக்கழகத்துப் பறவையியல் ஆய்வகத்தின் செயலிகள், இரண்டும் இலவசம். கணக்குத் தொடங்கப் பெயரும் மின்னஞ்சலும் போதும். ஆதார் வேண்டாம், பணம் வேண்டாம். மெர்லினில் பறவையின் அளவு, நிறம், இருந்த இடம் சொன்னால் சாத்தியமான பெயர்களைக் காட்டும். குரலைப் பதிவு செய்தாலும் ஊகிக்கும். இந்தியாவுக்கான தொகுப்பை வீட்டு வைஃபையிலேயே இறக்கிவையுங்கள், ஏரிக்கரையில் சிக்னல் இருக்காது.

ஈபேர்டில் 'தொடங்கு' அழுத்தி, குறைந்தது 15 நிமிடம் பார்த்து, கண்ட பறவைகளையும் எண்ணிக்கையையும் இடுங்கள். முடிக்கும்போது, அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் பதிந்துவிட்டீர்களா என்று கேட்கும். காக்காயையும் மைனாவையும் விட்டுவிட்டு அரியவற்றை மட்டும் எழுதியிருந்தால் 'ஆம்' போடாதீர்கள். எல்லாவற்றையும் எழுதி 'ஆம்' போடும் பட்டியல்தான் ஆய்வுக்கு உதவும்.

கூட்டமாக இருந்தால் முதல் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்த்து, அதே அளவை மொத்தக் கூட்டத்தின்மேல் நகர்த்தி எண்ணுங்கள்.

இங்கே ஒரு குழி. மெர்லின் குரலைக் கேட்டு ஒரு பெயர் சொன்னால் அதை அப்படியே பட்டியலில் ஏற்றாதீர்கள். அது ஊகம். பறவையைத் தேடிக் கண்டபின் எழுதுங்கள். அரிதான பெயரைப் பதிந்தால், விவரம் கேட்டு ஒரு மின்னஞ்சல் வரலாம். அனுப்புகிறவர் சம்பளமில்லாமல் வேலை செய்யும் தன்னார்வலர். உங்களைச் சந்தேகிப்பதாக நினைத்துக் கோபப்படாமல், படமோ குறிப்போ இருந்தால் அனுப்புங்கள். நான் கற்றதில் பாதி அப்படி வந்த கேள்விகளிலிருந்துதான்.

4. கேமரா: முதலில் வாடகை, அப்புறம் விலை

பறவைக்கு 400 மி.மீ. லென்ஸ் குறைந்தபட்சம். இந்த எண் கூடக் கூடத் தூரத்துப் பறவை பெரிதாகத் தெரியும். மூன்று வழிகள் உண்டு.

பிரிட்ஜ் கேமரா: நிக்கான் பி900, பி950, பி1000 மாதிரி, லென்ஸ் கழற்ற முடியாதவை. பி900-இன் எட்டும் தூரம் 2000 மி.மீ.க்குச் சமம், எடை ஒரு கிலோவுக்குள். என்ன பறவை என்று காட்டுகிற பதிவுப் படம் போதும் என்பவருக்கு இதைவிடச் சிக்கனமான வழி இல்லை. வெளிச்சம் குறைந்தால் படம் கரகரக்கும். பறக்கிற பறவை கிடைப்பது கடினம். பழையது கிடைத்தாலே போதும்.

சிறிய சென்ஸார் மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத புது வகைக் கேமரா) உடலோடு 100-400 லென்ஸ்: கேனான் ஆர்.எஃப். 100-400 வெறும் 635 கிராம். உடலும் லென்ஸும் சேர்ந்து ஒரு லட்சத்தைத் தாண்டும். தோளில் மாட்டி நாள் முழுக்க நடக்கலாம். சம்பளக்காரர் ஒருவர் நீண்ட நாள் வைத்துக்கொள்ள நான் சொல்வது இதைத்தான்.

பழைய டி.எஸ்.எல்.ஆர். (உள்ளே கண்ணாடி உள்ள முந்தைய வகைக் கேமரா) உடலோடு சிக்மா அல்லது டாம்ரான் 150-600: படம் நன்றாக வரும். லென்ஸ் மட்டுமே ஏறத்தாழ இரண்டு கிலோ. முதுகுவலி உள்ளவர்கள் யோசித்து இறங்குங்கள்.

எதுவானாலும் ஒரு சனி, ஞாயிறு வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். வாடகைக் கடையில் கேட்பவை பொதுவாக: ஆதார், பான் அல்லது ஓட்டுநர் உரிமம், தற்போதைய முகவரிக்கு ஈ.பி. பில் அல்லது வாடகை ஒப்பந்தம், முன்பணம் அல்லது தேதியிடாத காசோலை. காசோலையை நான் கொடுப்பதில்லை. முன்பணம் கட்டி ரசீது வாங்குவேன். ஆதாருக்குக் கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை இறக்கிக் கொடுங்கள். நகல் என்றால் அதன்மேல் தேதியும் காரணமும் எழுதிக் கையெழுத்திடுங்கள். வெள்ளி மாலை எடுத்துத் திங்கள் காலை கொடுத்தால் எத்தனை நாள் கணக்கு என்று முதலிலேயே கேளுங்கள். கருவியைக் கையில் வாங்கும்போது, கடைக்காரர் எதிரிலேயே கண்ணாடி, கீறல், மூடி, பேட்டரி எல்லாவற்றையும் வீடியோ எடுங்கள். ஏற்கெனவே இருந்த ஒரு கீறலுக்கு நான் முன்பணத்தில் மூவாயிரம் விட்டேன்.

பழையது வாங்கினால்: லென்ஸின் ஒரு பக்கம் மொபைல் டார்ச் அடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி நூல் தெரிந்தால் பூஞ்சை. எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். எல்லாத் தூரத்திலும் ஃபோகஸ் தானாகப் பிடிக்கிறதா, எத்தனை முறை ஷட்டர் அடித்திருக்கிறது, பில்லில் உள்ள வரிசை எண்ணும் கருவியில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள். பில் இல்லையென்றால் திருட்டுப் பொருளாக இருக்கலாம். முன்பணம் அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். புதிதிலும், பில் இல்லாமல் சில ஆயிரம் குறைத்துத் தருகிறேன் என்பார்கள், கேமராவுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம் என்பதால் அந்தக் குறைப்பு பெரிதாகத் தெரியும். ஆனால் இந்திய உத்தரவாதம் இருக்காது, காப்பீடும் எடுக்க முடியாது. பில்லையும் வரிசை எண்ணையும் படமெடுத்து மின்னஞ்சலில் போட்டுவையுங்கள். தொலைந்தால் போலீஸ் புகாருக்கு முதலில் கேட்பது அதுதான்.

டிரைபாட் இப்போது வேண்டாம். ஒரு பழைய தலையணை உறையில் அரிசியோ மணலோ நிரப்பி, கார் ஜன்னலிலோ கரைச் சுவரிலோ வைத்து அதன்மேல் லென்ஸை வையுங்கள்.

5. கேமரா அமைப்பு, சுருக்கமாக

ஷட்டர் வேகம்: உட்கார்ந்த பறவைக்கு நொடியில் 500-இல் ஒரு பங்கு, பறப்பதற்கு 2000-இல் ஒரு பங்கு. லென்ஸின் துளையை (அபர்ச்சர்) முழுக்கத் திறந்து, ஐ.எஸ்.ஓ.வை (ஒளிக்கான உணர்திறன்) தானியங்கியில் விடுங்கள். ஃபோகஸ் தொடர்ந்து பின்தொடரும் முறையில் இருக்கட்டும்; பறவைக் கண்ணைப் பிடிக்கும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள்.

வெள்ளைக் கொக்கு இருண்ட தண்ணீரில் நின்றால் வெளிச்ச அளவை (எக்ஸ்போஷர்) ஒரு படி குறையுங்கள். இல்லையென்றால் இறகு வெறும் வெள்ளைக் காகிதமாகிவிடும். வெளிறிய வானத்தில் பருந்து பறந்தால் ஒரு படி கூட்டுங்கள். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும்: காலையில் ஏரியின் கிழக்குக் கரை, மாலையில் மேற்குக் கரை. பறவையின் கண் மட்டத்துக்குக் குனியுங்கள், முடிந்தால் உட்காருங்கள். மீதியெல்லாம் பழகப் பழக வரும்.

6. சரணாலயம்: பருவம், சீட்டு, அனுமதி

சென்னைக்காரர்களின் முதல் சரணாலயம் வேடந்தாங்கல். ஜி.எஸ்.டி. சாலையில் (தாம்பரம், செங்கல்பட்டு வழியாகத் தெற்கே போகும் நெடுஞ்சாலை) படாளம் கூட்டுரோட்டில் வலப்பக்கம் பிரிய வேண்டும். நகரத்திலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர். பைக்கில் போய்வர நான்கு லிட்டர் பெட்ரோல். நவம்பர் முதல் மார்ச் வரை பருவம். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை உச்சம். நீரில் நிற்கும் கடம்ப மரங்களில் நாரை, கூழைக்கடா, நீர்க்காகம், கரண்டிவாயன், வக்கா எல்லாம் அடுக்கடுக்காகக் கூடு வைக்கும்.

கிளம்புமுன் மூன்று விஷயம் பாருங்கள். ஏரியில் தண்ணீர் இருக்கிறதா? வடகிழக்குப் பருவமழை பொய்த்த வருடம் பறவை வராது. ஈபேர்டில் அந்த இடத்தின் கடந்த இரண்டு வாரப் பதிவுகளைப் பார்த்தால் தெரிந்துவிடும். முன்பே எனக்கு இது தெரிந்திருந்தால் அந்த ஜூன் பயணம் போயிருக்க மாட்டேன். இரண்டாவது, என்ன கிழமை? ஞாயிறும் காணும் பொங்கலும் வேண்டவே வேண்டாம். செவ்வாய் முதல் வியாழன் வரை ஒரு நாள் விடுப்புப் போட முடிந்தால் போடுங்கள். மூன்றாவது, கையில் ரொக்கம். நுழைவுச் சீட்டு சிறு தொகைதான், ஆனால் கேமராவுக்குத் தனிச் சீட்டு, வீடியோவுக்கு வேறு. ஒரு சரணாலய வாசலில் என்னிடம் ரொக்கம் இல்லை, மொபைலில் சிக்னல் இல்லை. விடியல் வெளிச்சம் முழுவதையும் சில்லறை தேடியே விட்டேன். சில நூறு ரூபாய் பத்து, இருபது, ஐம்பது தாள்களாக இருக்கட்டும். வாங்கிய கேமராச் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள், உள்ளேயும் கேட்பார்கள்.

காலையில் இரை தேடப் போகும் பறவைகளும் மாலை நான்கு மணிக்கு மேல் திரும்பும் பறவைகளும்தான் பறக்கும் படத்துக்கு நல்லவை. நடுப்பகலில் சாப்பிட்டுவிட்டு, பத்து கிலோமீட்டருக்குள் இருக்கும் கரிக்கிலியைப் பாருங்கள். அங்கே கூட்டம் குறைவு, வாத்துகள் அதிகம்: ஊசிவால் வாத்து, தட்டைவாயன், நீலச்சிறகு வாத்து.

தெற்கே நெல்லை மாவட்டத்தின் கூந்தன்குளம் என் மனதுக்கு நெருக்கமானது. ஊருக்குள் வீட்டு வாசல் மரங்களிலேயே நாரை கூடு வைக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் பறவைக்காகப் பட்டாசைத் தவிர்க்கிறவர்கள். அங்கே போனால் அவர்கள் வீட்டு முற்றத்தில் நிற்கிறீர்கள் என்பதை மறக்காமல், கேட்டுவிட்டுப் படமெடுங்கள். பூநாரைக்கு வேதாரண்யம் பக்கத்துக் கோடியக்கரை.

அனுமதி விஷயம். சரணாலயத்தில் சாதாரணப் பார்வையாளருக்குச் சீட்டு போதும். ஆவணப்படம், விளம்பரம் என்றால் வனத்துறையின் எழுத்து அனுமதி வேண்டும். சரணாலயத்துக்குள் படமெடுக்கவும் ஆய்வு செய்யவும் அனுமதி தரும் அதிகாரம் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 28-ஆம் பிரிவின்படி தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு உண்டு. சீட்டுக் கவுண்டரே இல்லாத காப்புக்காடுகளுக்குள், சுவர் இல்லை என்பதற்காக நுழையக் கூடாது. அத்துமீறலாக வழக்குப் போடலாம். போக வேண்டுமென்றால் மாவட்ட வன அலுவலருக்கு ஒரு மாதம் முன்னதாகக் கடிதம் கொடுங்கள். வருகிறவர்களின் பெயர், அடையாள அட்டை நகல், தேதி, நேரம், வண்டி எண், கருவிகளின் பட்டியல், நோக்கம் எல்லாம் அதில் இருக்கட்டும். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அந்த முத்திரை இல்லாமல் அடுத்த முறை போய்க் கேட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

முதுமலை, ஆனைமலை மாதிரிப் புலிகள் காப்பகச் சாலைகளில் வண்டியை நிறுத்தி இறங்கிப் படமெடுத்தால் அபராதம். பஞ்சுருட்டான் கம்பியில் அழகாக உட்கார்ந்திருந்தாலும் இறங்காதீர்கள்.

7. கேமராவை வெளியே எடுக்கக் கூடாத இடங்கள்

நான் மாட்டிக்கொண்டது இதில்தான். ஆள்காட்டி ஒன்றின் பின்னால் நடந்து நடந்து, ஒரு பாதுகாப்பு வளாகத்தின் மதிலருகே போயிருக்கிறேன், பலகையைக் கவனிக்கவில்லை. நீண்ட லென்ஸோடு ஒருவர் மதிலைப் பார்த்து நின்றால் காவலர் கேட்கத்தான் செய்வார், கேட்பது அவர் கடமை. கல்பாக்கம் அணுமின் நிலையச் சுற்றுப்புறம், தாம்பரம் விமானப்படைத் தளம், விமான நிலையங்கள், துறைமுகங்கள், பழவேற்காட்டில் ஸ்ரீஹரிகோட்டாப் பக்கம் எல்லாம் கவனம். நிறுத்திக் கேட்டால் கேமராவைக் கீழே இறக்குங்கள், அடையாள அட்டையைக் கொடுங்கள், எடுத்த படங்களை நீங்களாகவே காட்டுங்கள். வாக்குவாதம் வேண்டாம். மொபைலில் ஈபேர்ட் பட்டியல் ஓடிக்கொண்டிருந்தது அன்று எனக்குப் பெரிய உதவி.

டிரோன் பற்றி ஒரே வரி: 2021 டிரோன் விதிகள் பதிவு கேட்கின்றன, சரணாலயத்துக்கு எந்த எடையானாலும் கொண்டுபோகாதீர்கள்.

உப்பளம், வயல் எல்லாம் யாரோ ஒருவருடையது. வரப்பில் இறங்குமுன் "அண்ணே, பறவை பார்க்க வந்தேன், போகலாமா?" என்று கேட்டால் போதும். பெரும்பாலும் அவரே எங்கே எது இருக்கிறது என்று காட்டுவார்.

8. கூட்டை விட்டுத் தள்ளி நில்லுங்கள்

இதுவரை சொன்னதில் எதை மறந்தாலும் பணம்தான் போகும். இதை மறந்தால் போவது உயிர்.

ஒரு மே மாதம், மணல் மேட்டில் பஞ்சுருட்டான் பொந்து ஒன்றைக் கண்டேன். எட்டடி தள்ளி உட்கார்ந்து, பறவை உள்ளே நுழையும் படத்துக்காகக் காத்திருந்தேன். தாய் அலகில் தட்டானோடு கம்பியில் வந்து உட்கார்ந்தது. இருபது நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தது. உள்ளே போகவில்லை, தட்டானை விழுங்கவும் இல்லை. கூட வந்த பெரியவர் ஒருவர், "தம்பி, அது உங்களால்தான் போகமாட்டேங்குது. உள்ளே குஞ்சு பசியோட கிடக்கு" என்றார். எழுந்து நாற்பது அடி போனதும் அடுத்த நொடி அது பொந்துக்குள் நுழைந்தது. அதற்குப் பிறகு நான் கூட்டைப் படமெடுப்பதில்லை.

1972 சட்டத்தில் 'வேட்டை' என்பதற்கான விளக்கத்திலேயே பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும், முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் சேர்க்கப்பட்டுள்ளன. ஆள்காட்டி வெறுந்தரையில் கல்லோடு கல்லாக முட்டையிடும். தலைக்குமேல் சுற்றிக் கத்தினால் முட்டை பக்கத்தில் இருக்கிறது என்று பொருள், வந்த வழியே திரும்புங்கள். வெயிலில் நாரைகள் இறக்கையை விரித்துக் குஞ்சுக்கு நிழல் கொடுக்கும். உங்களைக் கண்டு அது எழுந்தால் குஞ்சு வெயிலில் வாடும், காக்கையும் பருந்தும் வந்துவிடும்.

படத்துக்கு மறைக்கிறது என்று கூட்டைச் சுற்றியுள்ள கிளையை ஒடிக்காதீர்கள். அந்தக் கிளைதான் அதற்குக் கூரை. மொபைலில் குரலைப் போட்டு வரவழைக்காதீர்கள். எதிரி வந்துவிட்டதென்று அது குஞ்சை விட்டுவிட்டு உங்களைத் தேடும். கூட்டமாக ஓய்வெடுக்கும் உள்ளான்களை (நீர்க்கரையில் இரை தேடும் பறவைகள்) பறக்கும் படத்துக்காகக் கல்லெறிந்து எழுப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்த பறவை அது. பார்த்தால் தடுத்துச் சொல்லுங்கள். ஆந்தை இருப்பிடத்தையும் கூட்டின் இருப்பிடத்தையும் சமூக ஊடகத்தில் போடாதீர்கள், படத்தில் இடக்குறி ஒட்டியிருந்தால் நீக்குங்கள். ஆபத்திலுள்ள சில இனங்களின் இடத்தை ஈபேர்ட் தானே மறைத்துவிடும். மற்றதெல்லாம் உங்கள் பொறுப்பு.

9. வீடு திரும்பியதும்

சென்னை ஈரக்காற்றில் லென்ஸை மூடிய பையில் வைத்தால் ஒரே மழைக்காலத்தில் பூஞ்சை வந்துவிடும். இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், இருநூறு, முந்நூறு ரூபாய்க்கு ஒரு ஈரமானி. ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்தில் இருக்கட்டும். ஜெல் நிறம் மாறினால் வறுத்துப் போடுங்கள். படங்களை அன்றிரவே இரண்டு இடத்தில் சேமித்து, மங்கியவற்றை அழியுங்கள்.

10. எந்த மாதம் என்ன

ஜூலை, ஆகஸ்டில் தொடங்குவது வசதி: உள்ளூர்ப் பறவைகளைக் கற்றுக்கொள்ள வலசை வரும் கூட்டத்துக்கு முன் நேரம் கிடைக்கும். ஆகஸ்ட் கடைசியில் முதல் உள்ளான்கள் வரும். அக்டோபரில் ஊர்ப் பூங்காக்களிலும் வீட்டுத் தோட்டங்களிலும் ஆறுமணிக்குருவி இறங்கும். களைத்துப்போய் மாடியில் உட்கார்ந்திருந்தால் ஒரு அட்டைப்பெட்டியில் இருட்டில் சிறிது நேரம் ஓய்வெடுக்க விட்டு, மாலையில் திறந்துவிடுங்கள். நவம்பரில் பைனாகுலர், டிசம்பரில் வாடகைக் கேமரா, ஜனவரியில் வேடந்தாங்கல். ஏப்ரலுக்கு மேல் வலசைப் பறவைகள் போய்விடும். கோடையில் கருவிகளைத் துடைத்துவைத்து, குயிலையும் குக்குறுவானையும் குரலால் பிரிக்கக் கற்றுக்கொள்ளலாம்.

ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது, நான்கு நாள். கட்டணம் இல்லை, பெயர் பதிய வேண்டியதும் இல்லை. ஈபேர்ட் கணக்கு இருந்தால் உங்கள் ஏரிக்கரையிலோ மொட்டை மாடியிலோ 15 நிமிடம் நின்று, கண்ட எல்லாப் பறவைகளையும் எண்ணிப் பட்டியல் அனுப்பினால் கணக்கில் சேர்ந்துவிடும். காலையில் புகைமூட்டம் இருந்தால் ஏழு மணிக்குப் பிறகு நில்லுங்கள். மொபைலில் சார்ஜை மட்டும் முந்தின இரவே பார்த்துக்கொள்ளுங்கள்.